வாரம் ஒரு வண்டி

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையே அமைந்திருப்பது செவ்வாப்பேட்டை ரோடு நிலையம். சென்னை சென்ட்ரலிலிருந்து அது ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. புறநகர் மின்வண்டிகள் இங்கே நின்று செல்கின்றன. மும்பைக்கும் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் செல்லும் விரைவு வண்டிகளோ நில்லாமல் கடந்து போகின்றன. இவ்வாறு கடந்து போகும் வண்டிகளில் பெரும்பாலானவை நாள்தோறும் வருபவை. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் தலைகாட்டிவிட்டு, மறுபடி ஏழு நாள் கழித்தே வரும் வண்டிகளும் சில உண்டு.

அத்தகைய வண்டிகளுள் ஒன்று பாக்மதி விரைவு வண்டி. கர்நாடகத்து மைசூருக்கும் பீகாரில் மிதிலை நாட்டுப் பகுதியிலுள்ள தர்பங்காவுக்கும் இடையே அது ஓடுகிறது. நேபாளத்து மலைகளில் தோன்றிப் பீகாருக்குள் பாயும் பாக்மதி ஆற்றின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள். வைகையின் பெயரும் காவிரியின் பெயரும் நம் வண்டிகளுக்கு வாய்த்தது போன்றதே இதுவும். வெள்ளிக்கிழமை காலையில் மைசூரை விட்டுப் புறப்படும் இவ்வண்டி, பெங்களூர், காட்பாடி, அரக்கோணம் வழியாக வந்து, அன்று மாலை திருவள்ளூரையும் செவ்வாப்பேட்டையையும் கடந்து பெரம்பூரை அடைகிறது. பிறகு சென்ட்ரல் நிலையத்துக்குள் நுழையாமலே கொருக்குப்பேட்டைப் பக்கமாகத் திரும்பி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே செல்கிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நுழைந்து வடக்கு எல்லையில் வெளியேறும் வண்டி அது என்று சொல்லலாம்.

மாணவ நண்பர்களே! இந்த வண்டியைப் பற்றி ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஏறுவதற்கு மக்கள் திரளாகக் காத்திருக்கும்போது, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வண்டி விடுவானேன்? நாள்தோறும் விட்டால் என்ன? ரயில்வே நிருவாகத்துக்கு மனமில்லையா, பணமில்லையா? இக்கேள்விக்கு விடை காண அரசியலுக்குள் புகவேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கே பெரும்பாலும் போதுமானது. அக்கணக்கை இன்று சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் வண்டி என்று சொல்லும்போது இரண்டு பொருள்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அட்டவணையில் பெயரும் எண்ணும் பெற்று நிற்பது ஒன்று. தண்டவாளத்தின் மேல் உண்மையில் உருண்டோடும் பெட்டிகளின் வரிசை மற்றொன்று. இந்தப் பெட்டி வரிசையை ரயில்வேக்காரர்கள் 'ரேக்' என்பார்கள். நாம் அதை வண்டித்தொடர் என்று அழைப்போம். இன்றைய தொலைதூர வண்டியொன்றில் சுமார் 22 பெட்டிகள் வரை கோக்கப்படுகின்றன. ஒரு பெட்டியின் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். ஆகவே இஞ்சின் நீங்கலாகவே ஒரு தொடரின் நீளம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.

அட்டவணையில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்குக் காகிதமும் மையும் போதும். ஆனால் அப்பெயருக்கு உயிர் கொடுக்கத் தொடர் வேண்டும். எத்தனை தொடர்கள் வேண்டும் என்பதே நம் கணக்கு.

மைசூருக்கும் தர்பங்காவுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். இதைக் கடக்க வண்டிக்கு 50 மணி நேரத்துக்கு மேலாகிறது. வெள்ளிக்கிழமை காலையில் மைசூரில் புறப்பட்ட தொடர், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தர்பங்காவைச் சேரும். அங்கிருந்து செவ்வாய்க்கிழமை பிற்பகலில் திரும்பிப் புறப்பட்டு, வியாழக்கிழமை மாலையில் மைசூரை அடையும். ஓரிரவு ஓய்வெடுத்துக்கொண்டு, மறுநாளாகிய வெள்ளியன்று மீண்டும் புறப்படலாம். ஆக, வெள்ளியில் தொடங்கி வெள்ளியில் முடியும் ஏழு நாள் வட்டத்தில் ஒரே தொடர் போய்த் திரும்பிவிடுகிறது. வாரம் ஒருமுறை ஓடும் வண்டிக்கு ஒரு தொடர் போதும் என்ற விடை கிடைக்கிறது.

இந்த வண்டியையே, புறப்படும் நேரங்களை மாற்றாமல், நாள்தோறும் விடுவதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு பிற்பகலில் வந்து சேர்ந்த தொடர் உடனே திரும்ப முடியாது. பெட்டிகளைக் கழுவித் துடைக்க வேண்டும். சக்கரங்களையும் தடைக்கருவிகளையும் சோதிக்க வேண்டும். தொட்டிகளில் நீர் நிரப்ப வேண்டும். இதற்கென அடியில் இறங்கி நின்று பார்க்கும்படி பள்ளம் அமைத்த தனிப் பாதைகள் உண்டு. அவற்றைப் 'பிட் லைன்' என்பர். அங்கே முழுச் சோதனை நடத்தச் சில மணி நேரம் கட்டாயம் தேவை. ஆகவே அத்தொடர் திங்கள் பிற்பகலில்தான் திரும்பும். புதன் மாலையில் மைசூரை அடையும். வியாழன் காலையில் மறுபடி புறப்படும். வெள்ளி முதல் வியாழன் வரை ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் நாளுக்கு ஒரு வண்டி மைசூரிலிருந்து புறப்பட வேண்டுமாயின், குறைந்தது ஆறு தொடர்கள் வேண்டும். ஆறு தொடருக்கு 132 பெட்டிகள். பழுதாகும் பெட்டிக்கு மாற்றுப் பெட்டிகளும் இவற்றோடு சேரும். ஒரு தொடர் இருந்த இடத்தில் ஆறு தொடர். இதுவே வாரம் ஒரு வண்டி நாளொரு வண்டியாவதன் விலை.

இந்தக் கணக்கைப் பொது விதியாகவும் சொல்லலாம். ஒரு தொடர் புறப்பட்டுச் சென்று திரும்பி, மறுபடி புறப்படத் தயாராவதற்கு எத்தனை நாள் ஆகிறதோ, நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அத்தனை தொடர்கள் தேவை. சென்னைக்கும் புது தில்லிக்கும் இடையே ஓடும் தமிழ்நாடு விரைவு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் சென்னையை விட்டுச் சென்று, மூன்றாம் நாள் காலையில் தில்லியைச் சேரும். அன்றிரவே அங்கிருந்து கிளம்பி, மூன்றாம் நாள் காலையில் சென்னைக்கு வந்து, அன்றிரவு மீண்டும் புறப்படும். ஒரு வட்டத்துக்கு நான்கு நாள். ஆகவே நான்கு தொடர்கள். அந்த வண்டியும் 1976-இல் தொடங்கப்பட்டபோது வாரத்தில் சில நாள் மட்டும் ஓடியதே. தொடர்கள் கூடக் கூடத்தான் அது நாள்தோறும் ஓடும் நிலையை எய்தியது.

தூரம் மிகுந்தால் கணக்கு இன்னும் கடுமையாகும். கன்னியாகுமரியிலிருந்து சம்மு வரை ஓடும் வண்டியாக 1984-இல் ஹிம்சாகர் விரைவு வண்டி தொடங்கப்பட்டது. ஹிம் என்றால் பனி. சாகர் என்றால் கடல். பனிமலையையும் கடலையும் இணைப்பது என்பது அப்பெயரின் பொருள். பின்னாளில் அது சம்முவுக்கும் அப்பால் கட்ரா வரை நீட்டிக்கப்பட்டது. காட்பாடியிலிருந்தே திருப்பதிப் பக்கமாக வடக்கே திரும்பிவிடுவதால், அவ்வண்டி நம் செவ்வாப்பேட்டைக்கு வருவதில்லை. ஒரு வழிக்கு மூன்று இரவுகள் ஓடும் வண்டி அது. வெள்ளியன்று குமரியில் கிளம்பித் திங்களன்று வடக்கே சென்று சேர்ந்து, அன்றிரவே திரும்பி, வியாழன் இரவில் குமரியை அடையும்படி அதன் அட்டவணை பல ஆண்டுகளாக அமைந்திருந்தது. ஏழு நாளுக்குள் ஒரு தொடரை எவ்வளவு இறுக்கமாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆயினும் இறுக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. விவேகானந்தர் பிறந்து 150 ஆண்டு நிறைவதையொட்டி, 2011 நவம்பரில், அசாமின் திப்ருகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் விவேக் விரைவு வண்டி வாராந்தர வண்டியாகத் தொடங்கப்பட்டது. நம் நாட்டில் மிக நீண்ட தூரம் ஓடும் வண்டி என்ற பெயர், ஹிம்சாகரிடமிருந்து அதற்கு மாறியது. அது கடக்கும் தூரம் 4,000 கிலோமீட்டருக்கும் மேல். தொடக்கத்தில் ஒரு வழிப் பயணமே 80 மணி நேரத்தைத் தாண்டியது. போகவும் வரவும் 160 மணியாயிற்று. ஒரு வாரத்திலோ 168 மணிதான் உண்டு. மீதமுள்ள எட்டு மணிக்குள் இரு முனைகளிலும் கழுவுதல், சோதித்தல், நீர் நிரப்புதல் அனைத்தும் முடியுமா? தாமதத்துக்கு இடம் எங்கே? ஏழு நாள் என்ற வரம்பைத் தொட்ட மாத்திரத்தில், வாரம் ஒரு வண்டிக்கே இரண்டு தொடர்கள் தேவைப்படுகின்றன. வட்டம் எட்டு நாள் என்று கொண்டால், பதினான்கு நாளில் ஒவ்வொரு தொடரும் எட்டு நாள் உழைத்து ஆறு நாள் ஓய்ந்திருக்கும். நாட்டின் செல்வம் இவ்வாறு வாளா கிடப்பதை எந்த நிருவாகமும் விரும்பாது. ஆகவே அவ்வண்டியின் நாள்கள் பிற்பாடு படிப்படியாகக் கூட்டப்பட்டன.

ஓய்ந்து நிற்கும் தொடரை வேறு வேலைக்கு அனுப்பும் வழியும் உண்டு. நம் ஊர்ப்புறத்து வாரச்சந்தையை நினைத்துப் பாருங்கள். ஓரூரில் திங்களன்று சந்தை. அடுத்த ஊரில் செவ்வாயன்று. மற்றோர் ஊரில் புதனன்று. ஊருக்கு ஊர் சந்தை மாறுகிறதே தவிர, வியாபாரி ஒருவரே. அவருடைய வண்டியும் மூட்டையும் அவையே. ஒவ்வோர் ஊரிலும் நாள்தோறும் கடை விரிக்க அவரால் இயலாது. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் வாரம் ஒரு நாள் போய்வர இயலும். ரயில்வேயும் இம்முறையைக் கையாள்கிறது. ஒரே தொடர் வாரத்தின் முற்பகுதியில் ஒரு பெயரோடு ஓரூருக்கும், பிற்பகுதியில் வேறொரு பெயரோடு மற்றோர் ஊருக்கும் போய்வருவது உண்டு. தனித்தனி வண்டிகள் என்று நாம் எண்ணுவன பல சமயங்களில் ஒரே பெட்டிகள்தாம்.

தொடர்கள் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? அவை ஓடப் பாதை வேண்டும். பாதை என்பதில் நேரமும் அடங்கும். ஒரு வண்டிக்கும் அதன் பின்னே வரும் வண்டிக்கும் இடையே, நிறுத்தத் தேவையான தூரத்துக்குக் குறையாத இடைவெளி எப்போதும் இருந்தாக வேண்டும். கைகாட்டிகள், அதாவது சிக்னல்கள், அவ்விடைவெளியைக் காக்கவே நிற்கின்றன. ஆகவே ஒரு மணி நேரத்தில் ஓர் இருப்புப்பாதையில் இத்தனை வண்டிகள்தாம் செல்லலாம் என்ற அளவு தானாகவே அமைந்துவிடுகிறது. அதிலும் வேகம் ஒன்றாயிருந்தால் பல வண்டிகள் செல்லலாம். நிலையத்துக்கு நிலையம் நின்று செல்லும் வண்டியும், நில்லாமல் பாயும் வண்டியும், மெல்ல நகரும் சரக்கு வண்டியும் ஒரே பாதையில் கலந்தால், எண்ணிக்கை குறைந்துபோகும்.

நம் அரக்கோணம் பாதையின் வரலாறே இதற்குச் சான்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856 சூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடுக்கு ஓடியது இந்தத் தடத்திலேதான். பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853-இல் நாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அன்று ஒரு நாளைக்கு ஓடிய வண்டிகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். 1979-இல் சென்னைக்கும் திருவள்ளூருக்கும் இடையே மின்சாரம் வந்தது, மின்வண்டிகள் பெருகின. பிறகு கூடுதல் தடங்கள் இட்டு, புறநகர் வண்டிகளையும் விரைவு வண்டிகளையும் பெரும்பாலும் தனித்தனியே ஓட்டத் தொடங்கினர். அவ்வாறு செய்யாதிருந்தால், செவ்வாப்பேட்டையில் நிற்கும் ஒவ்வொரு மின்வண்டியின் பின்னும் ஒரு விரைவு வண்டி காத்துக் கிடக்க நேர்ந்திருக்கும்.

பாதையில் ஒரு வண்டிக்கு ஒதுக்கப்படும் நேரத்தையும், சந்தைக்கடைபோலவே பலர் பங்கிட்டுக் கொள்கின்றனர். வெள்ளி மாலை ஏழு மணிக்கு ஒரு வாராந்தர வண்டி கடந்தால், அதே ஏழு மணியைச் சனிக்கிழமை வேறொரு வண்டிக்கும் ஞாயிறன்று இன்னொன்றுக்கும் கொடுக்கலாம். எனவே, ஓர் ஊருக்கு நாள்தோறும் வண்டி விட முனைந்தால், மற்ற ஆறு நாள்களில் அந்நேரத்தில் ஓடும் ஊர்களின் வண்டிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழும். மைசூர் வண்டி தர்பங்கா போய்ச் சேர, ரயில்வேயின் பல மண்டலங்களைக் கடக்க வேண்டும். அத்தனை மண்டலங்களும் தத்தம் எல்லைக்குள் நேரம் ஒதுக்க ஒப்பினால்தான் அட்டவணை உருவாகும்.

இதுவரை நாம் பார்த்தது இரும்பின் கணக்கு. இனி மனிதரின் கணக்கைப் பார்ப்போம். வாராந்தர வண்டியில் செல்பவர் யார்? பெங்களூரிலும் அம்பத்தூரிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள தொழிற்கூடங்களில் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளர் அவர்களுள் கணிசமானவர். இரும்பை உருக்கி வார்க்கும் உலைகளின் அருகேயும், கட்டடங்களின் சாரங்களின் மேலும் நின்று வேலை செய்யும் அவர்களுக்கு, ஊர் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வீட்டில் ஒருவர் நோயுற்றதாகச் சனிக்கிழமை காலையில் செய்தி வந்தால், முதல் நாள் மாலை கடந்துபோன வண்டி அடுத்த வெள்ளியன்றுதான் வரும். நேரே செல்லும் வண்டி இல்லாதபோது, இரண்டு மூன்று இடங்களில் மாறி, ஒவ்வோரிடத்திலும் நெருக்கடியில் முண்டியடித்துத்தான் போக வேண்டும். நமக்கு வாரம் என்பது நாள்காட்டியின் ஒரு வரி. அவர்களுக்கு அது ஒரு வாரக் கூலி.

முன்பதிவிலும் இதே கணக்குத்தான். 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகவே இடம் பதிவு செய்துகொள்ளலாம் என்பது விதி. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. 60 நாளில் நாள்தோறும் ஓடும் வண்டி 60 முறை புறப்படும். வாராந்தர வண்டியோ எட்டு முறை, மிஞ்சினால் ஒன்பது முறை. தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகாரில் சட் பூசை நடைபெறும். பிழைப்புக்காக வெளியூர் சென்றவரெல்லாம் அதற்கு ஊர் திரும்ப விரும்புவர். அந்த நாளுக்கு ஏற்றதாக அமையும் வாராந்தர வண்டி ஒன்றே ஒன்று. இடம் கிடைக்காதவர் பொதுப்பெட்டியில் ஏறுகிறார். நூறு பேர் அமரும் பெட்டியில் இருநூறு பேர் நிற்கிறார்கள். சிறப்பு வண்டிகள் விடப்படுகின்றன என்றாலும், அவற்றுக்கும் தொடர்கள் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பதை இப்போது நீங்களே உணர்வீர்கள்.

இந்த வண்டியின் பெயரை நம் மாவட்டத்தார் பலரும் முதன்முறை கேட்டது ஒரு துன்ப நாளில். 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூசை நாள். இரவு எட்டரை மணியளவில் பாக்மதி விரைவு வண்டி பொன்னேரியைக் கடந்து, கும்மிடிப்பூண்டிக்கு முன்னுள்ள கவரைப்பேட்டை நிலையத்தை நெருங்கியது. நேர்ப்பாதையில் நில்லாமல் செல்லலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது. நிலையத்தில், வண்டிகள் ஒதுங்கி நிற்பதற்கென்று அமைந்த 'லூப் லைன்' என்னும் பக்கப்பாதையில் ஒரு சரக்கு வண்டி நின்றிருந்தது. நேரே செல்ல வேண்டிய வண்டி, பலத்த அதிர்ச்சியோடு அந்தப் பக்கப்பாதைக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன; ஒரு பெட்டியில் தீயும் பற்றியது.

வண்டியில் இருந்தவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். பலர் காயமுற்றனர், ஆயினும் ஓர் உயிரும் போகவில்லை. ஓராண்டுக்குச் சற்று முன்னர், 2023 சூன் 2 அன்று, ஒடிசாவில் பாகாநாகா பசார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டியும் இவ்வாறே பக்கப்பாதைக்குள் புகுந்து சரக்கு வண்டியின் மீது மோதியிருந்தது. அவ்விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை நினைக்கையில் கவரைப்பேட்டையில் நேராதுபோன இழப்பின் அளவு நமக்கு விளங்கும்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் பொறியியல் பயிலும் மாணவர் ஊன்றி எண்ண வேண்டியவை. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில், வண்டியை ஒரு பக்கம் திருப்பும் நகரும் தண்டவாளங்கள் உண்டு. அவற்றைப் 'பாயிண்ட்' என்பர். பாயிண்ட் எந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்கு உரிய விளக்கு மட்டுமே எரிய வேண்டும். நேர்ப்பாதைக்குப் பூட்டு விழாத வரையில் நேர்ப்பாதைக்குப் பச்சை காட்டவே முடியாதபடி, இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறார்கள். இப்பிணைப்பையே 'இண்டர்லாக்கிங்' என்பர். மனிதன் மறந்தாலும் பொறி மறவாது என்பதே அதன் தத்துவம். விளக்கு ஒன்று சொல்ல, பாதை வேறொன்று செய்வது நேர்ந்துவிட்டால், அந்தப் பிணைப்போ பாதையின் உறுப்புகளோ எங்கோ குலைந்திருக்க வேண்டும். பழுது பார்க்கும்போது நேரும் சிறு பிசகும், தண்டவாளத்திலிருந்து கழன்ற ஒரு மரையும் ஆயிரம் உயிர்களோடு தொடர்புடையவை என்பதை இது காட்டுகிறது.

கவரைப்பேட்டையில் அன்றிரவு நடந்த இன்னொரு செயலும் நம் இன்றைய பாடத்துக்கு உரியது. பயணிகளை அருகிலிருந்த திருமண மண்டபங்களுக்கு அழைத்துச் சென்று, உணவும் நீரும் அளித்து, பிறகு சென்னை சென்ட்ரலுக்குக் கொண்டுவந்தனர். மறுநாள் விடியுமுன்பே வேறொரு தொடர் சிறப்பு வண்டியாக அவர்களை ஏற்றிக்கொண்டு தர்பங்காவுக்குப் புறப்பட்டது. எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் ஓடும் வண்டியாயின், எஞ்சியோரை அடுத்த நாள் வண்டியில் இடம்பார்த்து அனுப்பலாம். வாராந்தர வண்டிக்கோ அடுத்தது ஏழு நாள் கழித்துத்தான். அதன் ஒரே தொடரும் தடம் புரண்டு கிடந்தது. கையிருப்பில் பெட்டிகள் இருந்தமையால்தான் அந்தச் சிறப்பு வண்டி சாத்தியமாயிற்று. அன்றாடக் கணக்கில் வீணாக நிற்பதாகத் தோன்றும் கையிருப்புத் தொடர், ஆபத்து நேரும் நாளில்தான் தன் பயனைக் காட்டுகிறது. எல்லாப் பெட்டிகளையும் ஓட விட்டுவிட்டு, இருப்பே இல்லாமல் நிற்பது சிக்கனம் ஆகாது.

இவ்வளவும் கேட்டபின், வாரம் ஒரு வண்டி என்பதை இருந்தபடியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதாக நீங்கள் கருதிவிடக் கூடாது. கேட்கத்தான் வேண்டும், ஆனால் எதைக் கேட்பது என்று அறிந்து கேட்க வேண்டும். 'எங்கள் ஊருக்கு நாள்தோறும் வண்டி விடுக' என்று மட்டும் எழுதும் விண்ணப்பத்துக்கு, 'பரிசீலிக்கப்படும்' என்ற ஒரு வரி விடை போதும். இந்தத் தடத்தில் காலியான நேரம் இன்னது, இந்தத் தொடர் இன்ன நிலையத்தில் இத்தனை மணி நேரம் வாளா நிற்கிறது, அதைக் கொண்டு வாரம் இருமுறை ஓட்டலாம் என்று எழுதுங்கள். அத்தகைய விண்ணப்பத்தைத் தட்டிக் கழிப்பது எளிதன்று. கூடுதல் தடம், கூடுதல் பெட்டி, பழுது பார்க்கும் கூடுதல் இடம் ஆகிய இம்மூன்றும் வளர்ந்தால் வண்டி தானே பெருகும். நம் பெரம்பூரில் 1955 முதல் இயங்கிவரும் ரயில் பெட்டித் தொழிற்சாலை இம்மூன்றில் ஒன்றுக்கு நேரடியாகத் துணை நிற்பது. அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு 22 பெட்டியும், எங்கோ ஓர் ஊருக்கு வாரத்தில் ஒரு நாளைச் சேர்த்துக் கொடுக்க வல்லது.

அட்டவணை படிப்பவர்க்கு ஒரு சிறு குறிப்பும் சொல்ல வேண்டும். வாராந்தர வண்டிக்கு எதிரே அச்சிட்டிருக்கும் கிழமை, அது புறப்படும் ஊரின் கிழமையே. தர்பங்காவில் செவ்வாய் என்று போட்டிருக்கும் வண்டி பெரம்பூரைக் கடப்பது வியாழக்கிழமை. செவ்வாய் என்று நம்பி அன்று பெரம்பூரில் காத்து நிற்பவருக்கு, அந்த வண்டி தர்பங்காவில்தான் நின்றுகொண்டிருக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று அட்டவணையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காமல் விட்டவர் இழப்பது ஒரு நாளை அன்று, ஒரு வாரத்தை.

இறுதியாக, மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுக்கணக்குத் தருகிறேன். உங்கள் ஊரைக் கடக்கும் வாராந்தர வண்டி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரு முனைகளிலும் அது புறப்படும் கிழமை, நேரம், சேரும் கிழமை, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறியுங்கள். அதன் தொடர் வாரத்தின் 168 மணியில் எத்தனை மணி ஓடுகிறது, எத்தனை மணி நிற்கிறது என்று கணக்கிடுங்கள். நிற்கும் நேரத்திலிருந்து, கழுவவும் சோதிக்கவும் இரு முனையிலும் முனைக்கு ஆறு மணி நேரம் கழியுங்கள். மீதி இருக்கும் நேரத்துக்குள் அந்தத் தொடர் எந்த ஊருக்குப் போய்வரலாம் என்று வரைபடத்தில் தேடுங்கள். அந்த ஊரில் யாரோ ஒருவர் வாரத்தில் இன்னொரு நாளும் வண்டி வராதா என்று காத்திருக்கக்கூடும். உங்கள் விடையை வகுப்பில் ஆசிரியரிடம் காட்டுங்கள். சரியாக வந்தால் ரயில்வேக்கும் எழுதி அனுப்புங்கள்.